எறா பிடிக்கும் நேரமும் படம் பிடிக்கும் நேரமும்: எண்ணூர்க் கழிமுகத்தில் ஓர் இருளர் இளம்பெண்ணின் படத்தொகுப்பு

கடைசியில் நின்றவை 22 படங்கள். எடுத்தவர் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய இருளர் குடியிருப்பு ஒன்றில் பிறந்து வளர்ந்த பெண். 2023 தை மாதம் தொடங்கும்போது அவருக்கு வயது 19. முடிக்கும்போது 21-ஐ நெருங்கியிருந்தார். பெயரும் குடியிருப்பின் பெயரும் இங்கே இல்லை. வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றும் இன்னும் கைக்கு வராத குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பெயர் வெளியே போனால் தொல்லை அவர்களுக்குத்தான்.

தொகுப்பின் பொருள் மூன்று இழையாக ஓடுகிறது: வெறுங்கையால் எறா (இறால்) தடவிப் பிடிக்கும் பெண்களின் தொழில், தங்கை முறையுள்ள ஒரு சிறுமியின் மஞ்சள் நீராட்டு, படம் எடுப்பவரே குடும்பத்தில் வளர்ந்த ஆளாக எண்ணப்படுவது. மூன்றும் தனித்தனியே தொடங்கின. முதல் ஐந்து மாதப் படங்களில் பெரும்பாலானவை தேறவில்லை. காரணம் எளிது: அவர் ஒளியின் நேரம் பார்த்துக் கிளம்பினார், தொழிலோ நீரின் நேரம் பார்த்து நடந்தது. அது பிடிபட்ட பிறகு கேமரா அமைப்பு, அனுமதி, வரிசை, காட்சி வைத்த நாள் வரை எல்லாமே மாறியது.

இடமும் தொழிலும்

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் சேர்கிறது. அதற்குக் குறுக்கே பக்கிங்காம் கால்வாய் தெற்கு வடக்காக ஓடுகிறது. சுற்றிலும் அனல்மின் நிலையங்கள், சாம்பல் குட்டைகள், 2001-இல் இயங்கத் தொடங்கிய துறைமுகம். சாம்பல் கலந்த நீர் பல ஆண்டுகளாகக் கழிமுகத்தில் படிந்து, ஆழமாக இருந்த இடங்கள் பல முழங்கால் அளவுக்கு மேடாகிவிட்டன. 2017 ஜனவரி 28-இல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றுக்குள்ளேயே வந்தது.

தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் என்று அரசு வகுத்த ஆறில் இருளரும் ஒருவர். மற்ற ஐவர் தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர். பொதுமக்கள் மனத்தில் இருளர் என்றால் பாம்பு, எலி, செங்கல் சூளை. கழிமுகத்து இருளர் இந்தப் பட்டியலில் வருவதே இல்லை. படகு இல்லை, வலை இல்லை, மீனவர் ஊர்கள் முறைவைத்து மீன்பிடிக்கும் ‘பாடு’ ஏற்பாட்டில் பங்கும் இல்லை. மிச்சம் இருப்பது கை. நீர் வற்றும்போது இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றை விரலால் தடவி, எறா தட்டுப்படும் நொடியில் அமுக்கிப் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பிடித்ததைப் போட வேண்டிய பனையோலைப் பறியை வாயால் கவ்விக்கொள்கிறார்கள். சிப்பி ஓடு விரலைக் கிழிக்கும். உடைந்த கண்ணாடி காலைக் கிழிக்கும்.

இந்தப் பறி கவ்விய முகம்தான் வெளியாட்கள் எல்லாரும் கேட்கும் படம். அது தொகுப்பில் இல்லை. ஏன் என்பதற்குப் பிறகு வருவோம்.

முன்பே எடுக்கப்பட்ட படங்கள்

பழங்குடிப் படம் என்ற வகைக்குச் சென்னையிலேயே நீண்ட வரலாறு உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். மூக்கின் அகலம், மண்டையின் நீளம் என்று கருவி வைத்து அளந்த காலத்துப் படங்கள் அவை. நேரே பார்த்து நிற்கும் உடல். பெயர் இருக்காது, குடியின் பெயர் மட்டும் இருக்கும்.

அந்த நிற்கும் முறை இன்னும் போகவில்லை என்பதுதான் வியப்பு. கேமராவைத் தூக்கியதும் குடியிருப்பின் பெரியவர்கள் கையைத் தொங்கவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். சான்று விசாரணைக்கும், நிவாரணக் கணக்குக்கும், தொண்டு நிறுவன அறிக்கைக்கும் அப்படித்தான் நின்று பழக்கம். பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர் விசாரித்துத்தான் தர வேண்டும். அந்த விசாரணையில் ‘உண்மையான இருளர்தானா’ என்ற கேள்விக்குப் படமும் சாட்சியாகிறது.

இரண்டு ஆண்கள் பாம்போடு நிற்கட்டுமா என்று தாங்களாகவே கேட்டிருக்கிறார்கள். முன்பு வந்தவர்கள் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். இந்த இடத்தில் உறுதியாக மறுத்தது சரியான முடிவு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் பாம்பு பிடிப்பது குற்றம். 1978-இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அரசு அனுமதியோடு நஞ்செடுக்கிறது; கழிமுகத்தில் இருப்பவருக்கு அந்தக் காப்பு இல்லை. இணையத்தில் ஏறிய ஒரு படமே வழக்குக்குப் போதும்.

கருவி

கேமரா உடல்: பழைய சந்தையில் வாங்கிய நிக்கான் டி5300. 24 மெகாபிக்சல், மடக்கித் திருப்பக்கூடிய திரை, ஒரே ஒரு மெமரி அட்டைத் துளை, நீர்க்காப்பு கிடையாது. வில்லைகள் இரண்டு: உடலோடு வந்த 18–55, தனியே வாங்கிய 35 மி.மீ. எஃப்/1.8. இரண்டுக்கும் முன்வளையம் 52 மி.மீ. என்பதால் ஒரே யுவி கண்ணாடி போதுமானது. சின்ன விஷயம்தான்; உப்புக்காற்றில் மாதம் ஒரு கண்ணாடி கீறல் விழும்போது அதன் அருமை தெரியும்.

திரை மடங்குவது இந்த வேலையில் எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது. குனிந்து தடவும் பெண்ணை நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் முதுகும் தலையும் மட்டும் தெரியும். பார்ப்பவர் மேலிருந்து பார்ப்பவராகிவிடுகிறார். கேமராவை நீர்ப்பரப்புக்கு ஒரு சாண் மேலே இறக்கி, திரையை மேல்நோக்கித் திருப்பிப் பார்த்து எடுத்தபோது முகமும் கையும் நீர்க்கோடும் ஒரே சட்டத்துக்குள் வந்தன.

நீரில் இறங்குவதற்கான ஏற்பாடு: தடித்த ஜிப் பையின் அடியில் வில்லை அளவுக்கு ஓட்டை, அதில் வில்லைக் கூண்டை நுழைத்து இரண்டு ரப்பர் வளையம். கழுத்துப் பட்டையைக் கேமரா அக்குளுக்குக் கீழே இறங்காத அளவுக்குச் சுருக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் ஆழமான இடத்தில் கேமராவோடு நடக்கக் கூடாது. சாம்பல் படிந்த தரை திடீரென உள்வாங்கும். முதல் மாதத்திலேயே ஒருமுறை இடுப்புவரை இறங்கிவிட்டது. கேமரா தப்பியது, அட்டை மூடிக்குள் உப்புநீர் புகுந்து அட்டை போயிற்று. அன்றிலிருந்து 128 ஜிபி அட்டையைக் கைவிட்டு 32 ஜிபி அட்டைகள் நான்கு. கேமரா பதிவதை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு ஒன்று சுமார் 26 எம்பி. ஒரு சிறிய அட்டையிலேயே ஆயிரத்துக்கு மேல் அடங்கும். போனால் ஒரு நாள் வேலையோடு போகட்டும் என்பது கணக்கு.

உப்பு துடைக்கும் முறை: உலர்ந்த துணியால் ஒருபோதும் துடைக்கக் கூடாது. காய்ந்த உப்பு பொடிக்கண்ணாடி மாதிரி. தேய்த்தால் பூச்சு கீறும். நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த பருத்தித் துணியால் முதலில் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணி. வில்லையைச் சுழற்றும் வளையத்தின் இடுக்கில் மெல்லிய தூரிகை. இதை அன்றிரவே செய்ய வேண்டும், மறுநாள் என்றால் திருகாணி துருப்பிடித்திருக்கும்.

பூஞ்சைதான் அடுத்த எதிரி. காற்றில் ஈரம் 60 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வில்லைக்குள் சிலந்திவலை போலப் படரும். எண்ணூரில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். அரிசி டப்பாவில் போட்டுவைக்கும் வழக்கத்தை நிறுத்தினார். அரிசித் தூள் உள்ளே போகிறது. பத்து லிட்டர் அளவுள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் ரப்பர் வெடிக்கும், வில்லைக்குள் இருக்கும் மசகு இறுகும். மணியின் நிறம் மாறியதும் இரும்புச் சட்டியில் சிறுதீயில் வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போடலாம். அந்தச் சட்டியில் பிறகு சமைக்கக் கூடாது. நிறம் மாறும் மணிகளில் சில வகைகளில் கோபால்ட் இருக்கிறது.

நீரின் கணக்கு

சென்னைக் கடற்கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் வேறுபாடு. அஷ்டமி நவமியில் அது பாதிக்கும் கீழே. நீர் நன்றாக வற்றினால்தான் கை சேற்றை எட்டும். ஆகவே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள்தான் எறா நன்றாகக் கிடைக்கும் நாட்கள்.

இங்கேதான் சிக்கல். அந்த நாட்களில் சென்னையில் நீர் முழுக்க ஏறுவது காலை எட்டு, ஒன்பது மணியை ஒட்டி. அடிவற்றம் பிற்பகல் இரண்டு, மூன்று மணிவாக்கில். புகைப்பட வகுப்புகள் ‘விடியற்காலைக்கும் அந்திக்கும் போ’ என்கின்றன. அவர் போனார். விடியற்காலை ஐந்தரைக்குக் கரையில் ஆளில்லை, பொன்னிற நீர் மட்டும் இருந்தது. அழகான வெற்று நீர்ப் படங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. ஆட்கள் இருக்கும் படம் வேண்டும் என்று அத்தையை அழைத்துப்போய் நீரில் நிற்க வைத்தும் எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்ததும் அத்தை கேட்டது ஒரே கேள்வி: “இத்தினி தண்ணியில எவடி எறா தடவுவா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு கால அட்டவணை மாறியது. துறைமுக நீர்ப்பட்டியலில் உள்ள நேரம் கடலோரத்துக்கானது; கழிமுகத்துக்குள் வற்றம் பிந்தி வரும். எவ்வளவு என்பதை அளக்க ஒரு மூங்கிலில் சாண் சாணாகச் சிவப்புப் பெயின்ட் அடித்து ஊன்றி, பத்து நாள் அரைமணிக்கு ஒருமுறை குறித்துவைத்தார். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் இந்தக் கணக்கும் பிசகும். வாய் அடைபட்டால் நீர் ஏறுவதுமில்லை வற்றுவதுமில்லை. அப்போது பட்டியலைவிட அத்தையைக் கேட்பது நல்லது. அவர் பட்டியல் எதையும் பார்ப்பதில்லை, பாலத்தின் தூணில் ஈரக்கோட்டைப் பார்க்கிறார்.

உச்சி வெயிலில் எடுப்பது

ஆக, படம் எடுக்க வேண்டிய நேரம் பிற்பகல் ஒன்றிலிருந்து நான்கு. எந்தப் பாடநூலும் வேண்டாம் என்று சொல்லும் நேரம்.

முதல் கோளாறு அளவீட்டில் வந்தது. கேமரா தானாக அளக்கும்போது சட்டத்தின் பெரும்பகுதி பளபளக்கும் நீர்; அதை நடுச்சாம்பலாக்கப் பார்த்து மொத்தத்தையும் இருட்டிவிடும், முகம் கரிக்கட்டியாகும். அதைத் திருத்த, ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் புள்ளி அளவீட்டைக் கன்னத்தில் வைத்தால் எதிர்ப்பக்கம் பிழைக்கும்: கறுத்த தோலை நடுச்சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், தோல் வெளிறி மண்ணிறமாகும். சரியான வழி, கன்னத்தில் புள்ளி அளவீடு செய்து அதிலிருந்து ஒரு படி (ஸ்டாப், அதாவது ஒளியில் பாதி) குறைத்து, மேனுவலில் பூட்டிவிடுவது. தானியங்கி அளவீட்டிலேயே எடுக்க வேண்டிய அவசரத்தில் பளபளக்கும் நீருக்கு எதிரே ஒன்று முதல் ஒன்றேகால் படிவரை கூட்டிக்கொள்ளலாம். நீரில் மின்னும் புள்ளிகள் வெள்ளையாக வெடிப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை உண்மையிலேயே அப்படித்தான் கண்ணைக் கூசுகின்றன.

ஷட்டர் வேகம் பெரும்பாலும் 1/500 நொடிக்குக் கீழே போகவில்லை, தெறிக்கும் சேறு உறைய அது வேண்டும். கை மட்டும் என்றால் 1/250 போதும். துளை எஃப்/5.6-இலிருந்து எஃப்/8. வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் வெயிலுக்கு உரிய 5200 கெல்வினில் நிறுத்தினார். இது முக்கியம். சாம்பல் படிந்த இடங்களில் தானியங்கி ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு நிறம் காட்டும். ஒரு படத்தில் நீலச் சேறு, அடுத்ததில் மஞ்சள் சேறு. 22 படம் வரிசையாக நிற்கும்போது சேறு ஒரே சேறாக இருக்க வேண்டும்.

போலரைசர் வாங்கச் சொன்னவர்கள் பலர். நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 37 டிகிரி சாய்வில் பார்த்தால் அது பளபளப்பை நன்றாக வெட்டும் என்பது உண்மை. இரவல் வாங்கி ஒரு வாரம் பயன்படுத்தினார். இரண்டு படி ஒளி போயிற்று. கலங்கிய நீரில் உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. ஈரக்கையின் பளபளப்பும் சேர்ந்து அழிந்தது. நனைந்த கை நனைந்ததாகத் தெரியாவிட்டால் இந்தத் தொகுப்பே இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உச்சி வெயிலில் குனிந்த முகத்தின் மேல் விழும் நிழல் ஆழமானது. ஆனால் நீரும் ஈரச் சேறும் கீழிருந்து ஒளியை எறிகின்றன. முகம் நீருக்கு இரண்டு அடிக்குள் இருக்கும்போது அந்த எதிரொளி தாடையையும் கண்ணையும் திறந்துகொடுக்கிறது. அவர்கள் நிமிர்ந்ததும் அது போய்விடும். குனிந்திருக்கும்போது எடு, நிமிர்ந்தால் பேசு என்று ஒரு பழக்கம் இதிலிருந்து வந்தது.

எறா பிடிப்பவருக்கு முன்னே நடக்கக் கூடாது. காலடி பட்டால் சேறு கலங்கி எறா ஓடிவிடும். பின்னால் அல்லது கலங்கல் போகும் பக்கமாக நடக்க வேண்டும். இது தெரியாமல் வந்த ஒரு படக்குழுவால் ஒரு பிற்பகல் கூலியே கெட்டுப்போனதை அங்குள்ளவர்கள் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

நான்கு வட்டம்

அனுமதிக்கு ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இங்கே பயன்படவில்லை. தாள் என்றாலே நிலத்தை எழுதி வாங்குகிறார்களோ என்ற பயம். அதற்கு மாற்றாக ஒரு நோட்டு. பக்கத்துக்கு ஒருவர். படம் எதுவரை போகலாம் என்பதற்கு நான்கு வட்டம் வரைந்திருக்கும்: வீடு, நம்ம குடியிருப்பு, சென்னையில் காட்சி, இணையம். எழுதத் தெரியாதவர் விரலை வைத்துக் காட்டுவார். அதைச் செல்பேசியில் குரலாகவும் பதிவு செய்வார். முதல் மூன்று வட்டத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம். நான்காவதிலிருந்து முடியாது, போனது போனதுதான் என்று சொல்லிவிட வேண்டும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது: படத்தைக் காட்டாமல் வட்டத்தைக் கேட்கக் கூடாது. கேமராத் திரையில் காட்டுவதும் போதாது, அதில் எல்லாரும் அழகாகத் தெரிவார்கள். நான்குக்கு ஆறு அங்குல அச்சு எடுத்துக் கையில் கொடுத்து, இரண்டு நாள் கழித்துக் கேட்க வேண்டும். அந்த இரண்டு நாளில் வீட்டில் பேச்சு நடந்திருக்கும். கையில் கொடுத்த உடனே ‘சரி’ என்றவர்களில் சிலர் இரண்டு நாள் கழித்து ‘வீட்டோட இருக்கட்டும்’ என்றார்கள்.

அச்சுக் கடையில் ஒரு தடை. கோப்பைக் கொடுத்தால் முகத்தை வெளுக்கவைத்துத்தான் அச்சிடுகிறார்கள். கல்யாண ஆல்பத்துக்குப் பழகிய கை. ‘கரெக்ஷன் வேண்டாம்’ என்று தாளில் எழுதி, எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், தரம் குறைக்காத ஜேபெக் கொடுத்து, முதலில் ஒரே ஒரு சோதனை அச்சு. அதைப் பகல் வெளிச்சத்தில் அத்தையின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றவை.

மஞ்சள் நீர்

2023 ஆவணியில் பெரியம்மா மகள் வயசுக்கு வந்தாள். அவளுக்கு 13 வயது. தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டினார். வாசலில் உலக்கை குறுக்கே, கூரையில் வேப்பிலை. உள்ளே உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை. வட மாவட்டங்களில் பல சமூகங்களில் காணும் முறைதான்.

குடும்பத்தில் கேமரா வைத்திருக்கும் ஒரே ஆள் என்பதால் சடங்குப் படம் அவர் பொறுப்பாயிற்று. அதாவது, கலைப்படம் எடுக்க அழைக்கவில்லை. ஆல்பம் எடுக்க அழைத்தார்கள். தட்டு வரிசை, மாமன் சீர், சொந்தக்காரர்கள் வரிசையாக நின்று கேமராவைப் பார்ப்பது, பெண்ணின் தலையில் பூ. ஒருவரும் விடுபடக் கூடாது. விடுபட்டால் அடுத்த விசேஷம் வரை பேச்சு. முதல் முயற்சியில் இரண்டையும் ஒன்றாகச் செய்யப்போய் இரண்டும் கெட்டது: ஆல்பத்தில் சித்தப்பா வீட்டார் இல்லை, தொகுப்புக்கோ எல்லாரும் கேமராவைப் பார்க்கும் படங்கள். அடுத்து வந்த ஒரு விசேஷத்தில் நேரத்தைப் பிரித்துக்கொண்டார். சீர் வைப்பது முடியும்வரை 18–55-இல் ஆல்பம், வெளியே வைத்த ஃபிளாஷ் 1/200-இல். சாப்பாட்டுப் பந்தி தொடங்கியதும் ஃபிளாஷைக் கழற்றிவிட்டு 35-ஐ மாட்டிக்கொள்வது. ஃபிளாஷ் போனால் படம் எடுப்பது முடிந்தது என்று மக்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதுதான் தொகுப்புக்கு வேண்டியது.

குச்சுக்குள் படம் கூடாது என்று ஆயா சொல்லிவிட்டார். தீட்டு ஒரு காரணம், கண்ணேறு இன்னொன்று. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு உள்ளே நுழைந்திருந்தால் தொகுப்பு அன்றோடு முடிந்திருக்கும், நியாயமும் இல்லை. அவர் எடுத்தது வாசலை: உலக்கைக்கு மேலே நீளும் கை, கிண்ணம் வாங்கும் விரல்கள். நீராட்டு முடிந்து குச்சைக் கொளுத்தியபோது எரியும் ஓலைக்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும் படம் ஒன்று. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்த படம் அது. இதை எழுதும் எங்களுக்கு அவ்வளவாக இல்லை. சொல்ல வேண்டியதை உரக்கச் சொல்லிவிடுகிறது. கை படம்தான் தங்கியது.

சிறுமியின் முகம் தெரியும் நல்ல படம் ஒன்றும் உண்டு. அம்மா நான்கு வட்டத்துக்கும் சரி என்றார், சிறுமியும் தலையாட்டினாள். ஆனாலும் அது வீட்டு ஆல்பத்தைத் தாண்டவில்லை. 13 வயதில் தலையாட்டியதை 25 வயதுப் பெண் மீது கட்டிவிட முடியாது, அதுவும் உடலைப் பற்றிய சடங்கில்.

எண்ணெய்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது, எண்ணெயோடு. தரையில் இருந்த தகரப் பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் நனைந்தது. இரண்டாவது பிரதி அதே வீட்டின் பரணில் இருந்ததால் தப்பியது; அதுகூட அதிர்ஷ்டம்தான். இப்போது ஒரு டிஸ்க் வீட்டில், ஒன்று விம்கோ நகரில் தோழி வீட்டு மாடியில். மாதம் ஒருமுறை இடம் மாற்றுகிறார்கள். ஒரே வெள்ளம் எட்டும் இரண்டு இடத்தில் வைத்தால் அது ஒரு பிரதிதான்.

எண்ணெய் பிடித்த கைகளின் படங்களைக் கேட்டுப் பலர் அழைத்தார்கள். அவற்றில் இரண்டு மட்டும் தொகுப்பில் சேர்ந்தன. அந்த வாரங்களில் எறா பிடிக்க யாரும் இறங்கவில்லை, பிடித்தாலும் வாங்க ஆளில்லை. தொழில் நடக்காத நாட்களைப் பற்றி ஒரு தொகுப்பு வேண்டுமானால் அது வேறு தொகுப்பு.

வரிசை

தரையில் அறுபது அச்சுகளைப் பரப்பி வரிசை போட்டபோது அவர் முதலில் ஒளி, நிறம் பார்த்து அடுக்கினார். சுற்றி உட்கார்ந்த பெண்கள் கேட்காமலே கலைத்தார்கள். “இது வத்துற தண்ணி, இது ஏறுற தண்ணி. ரெண்டையும் ஒண்ணா வெச்சிக்கினு இருக்கிற?” அவர்கள் அடுக்கியது நீரின் வரிசையில்: வற்றத் தொடங்குவது, அடிவற்றம், திரும்ப ஏறுவது. சடங்குப் படங்கள் ஏறும் நீருக்குள் போயின; வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரம் என்பதால். அந்த வரிசையே நின்றது.

பறி கவ்விய முகம் வெளியே போனதும் அன்றுதான். அத்தை அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “வாயில கவ்விக்கினு நாய் மாதிரி இருக்குது, இத்த எடுத்துடு” என்றார். வெளியாட்கள் இருவர் அதுதான் சிறந்த படம் என்று சொல்லியிருந்தார்கள். படமாகப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் தவறில்லை. அதற்குப் பதிலாக அத்தை வீட்டு ஆணியில் தொங்கும் பறியை, பக்கவாட்டு வெளிச்சத்தில், 35-ஐ அதன் கிட்டத்துக் குவிய எல்லையான 30 சென்டிமீட்டருக்கு நெருக்கி எடுத்தார். விளிம்பில் பல் பதிந்த தடம் வரிசையாக இருக்கிறது. அது பதிமூன்றாவது படம்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனை வணங்க இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்து கூடுகின்றன. அங்கே எடுத்தவற்றில் ஒன்று மட்டுமே தேறியது: அதிகாலையில் பாத்திரம், பாய், கோழியோடு அத்திப்பட்டு புதுநகர் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும் குடும்பம். கடற்கரைப் படங்களை அங்கு வரும் மற்றக் கேமராக்களும் எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

காட்சி

நகரத்துக்குள் ஓர் அரங்கில் வைக்க நாள் குறித்தபோது அது பௌர்ணமிக்கு மறுநாளாக அமைந்தது. படத்தில் இருந்தவர்களில் ஒருவரும் வர முடியவில்லை; எறா நன்றாகக் கிடைக்கும் நாளை யார் விடுவார்? அதன் பிறகு குடியிருப்பிலேயே, அஷ்டமி அன்று. நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாத நாள். ஆனால் நீர் சரியாக வற்றாத நாளும் அதுவே, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.

அளவு 12-க்கு 18 அங்குலம். 6000-க்கு 4000 புள்ளியுள்ள கோப்பு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 20-க்கு 13 அங்குலம் வரை தாங்கும். விகிதமும் வெட்டில்லாமல் பொருந்துகிறது. 8-க்கு 10 அளவில் போட்டால் ஓரம் வெட்டுப்படும், அந்த ஓரத்தில்தான் பெரும்பாலும் கை இருக்கும். மேட் தாளில் அச்சிட்டு 5 மி.மீ. சன்போர்டு எனும் பலகையில் ஒட்டி, இரண்டு கம்பத்துக்கு நடுவே பழைய வலைக்கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். முற்பகலில் கடற்காற்று எழும்பியதும் முதல் வரிசை பட்டம் போலச் சுழன்றது. மேலே மட்டும் பிடித்திருந்தார்கள். கீழேயும் ஒரு கயிறு ஓட்டி இழுத்துக் கட்டிய பிறகு நின்றது. படங்களுக்கு அடியில் பெயர் மட்டும் எழுதியிருந்தது. யாருக்கு எவ்வளவு வயது, என்ன சாதி என்று எதுவும் இல்லை.

உரிமை

பணம் வரும் இடத்தில் கவனிக்க வேண்டியதை இவர் சற்றுத் தாமதமாகவே தெரிந்துகொண்டார். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு கூலி கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூலி கொடுத்தவரே. ஒரு நிறுவனத்துக்கு இரண்டு நாள் கூலிக்கு எடுத்துக்கொடுத்த படங்கள் அப்படித்தான் கைவிட்டுப் போயின. அதன் பிறகு ‘உரிமை எடுத்தவருக்கே; இந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி’ என்று ஒரு வரி எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே கேமராவை எடுக்கிறார். உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து புகைப்படத்துக்குப் பாதுகாப்பு 60 ஆண்டு.

சட்டம் எடுத்தவரைத்தான் காக்கிறது, படத்தில் இருப்பவரைக் காக்க நோட்டுதான் இருக்கிறது. ஆகவே படம் விற்றால் பாதித் தொகை படத்தில் இருப்பவருக்கு என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். கழிமுகத்தில் இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் அப்படித்தான் பிரிக்கிறார்கள்.

சிறுமியின் முகமுள்ள படம் ஓர் உறையில் இருக்கிறது, பெரியம்மா வீட்டுப் பரணில், வெள்ளம் எட்டாத உயரத்தில். உறையின் மேல் 2028 என்று எழுதியிருக்கிறது. அந்த ஆண்டு நான்கு வட்டமுள்ள ஒரு புதிய பக்கத்தோடு அவளிடமே கொடுக்கப்படும்.